ஆயாவுக்கு யாருடைய முகம்?

ஓசூர் பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் ஆரம்பித்து, கிருஷ்ணகிரி, ஊத்தங்கரை, எங்கள் கல்லாவி வரைக்கும் ஜெராக்ஸ் கடை இருக்கிற இடத்திலெல்லாம் இன்று ஒரு பலகை தொங்குகிறது: ‘பழைய போட்டோ புதுசாக்கித் தரப்படும்.’ போட்டோவைக் கொண்டுபோய்க் கொடுத்தால் செல்போனில் அதை ஒரு படம் எடுப்பார்கள், ஏதோ ஒரு செயலியில் ஏற்றுவார்கள், நாம் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் பளபளவென்று கலரில் ஒரு முகம் வந்து நிற்கும். அதை வாங்கிக்கொண்டு கண்கலங்கிப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த அழுகையைக் கேலி செய்ய நான் யார்? ஆனால் அந்த முகத்தைக் கேள்வி கேட்கலாம் இல்லையா? அது யாருடைய முகம்?

“உனக்கு ஏன்பா வயித்தெரிச்சல்? செத்துப்போனவங்க மூஞ்சி தெளிவாத் தெரிஞ்சா நல்லதுதானே?” என்று நண்பர் ஒருவர் கேட்டார். தெளிவாகத் தெரிந்தால் நல்லதுதான். தெரிவது செத்துப்போனவரின் மூஞ்சியாக இருந்தால்.

எங்கள் பக்கத்தில் நாற்பது ஐம்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு கூலிக்காரப் பெண்மணிக்கு ஆயுளில் எத்தனை போட்டோ இருந்திருக்கும்? கல்யாணத்துக்கு யாராவது ஸ்டுடியோக்காரரை அழைத்து வந்திருந்தால் ஒன்று. மகன் ஓசூர் சிப்காட்டில் வேலைக்குச் சேர்ந்து, முதல் சம்பளத்தில் கேமரா வைத்திருக்கிற சிநேகிதனை ஊருக்குக் கூட்டி வந்திருந்தால் இன்னொன்று. அதற்குப் பிறகு வாக்காளர் அட்டை. அந்த அட்டைப் படத்தைப் பற்றிப் பேசாமல் இருப்பதே மரியாதை. ஆகக்கூடி ஒரு மனுஷியின் முகத்துக்கு உலகத்தில் இருக்கிற சாட்சி இரண்டோ மூன்றோ துண்டுதான். அதிலும் பெரும்பாலானவை சரியாக விழாதவை. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை எல்லாம் பளீரென்று தெரியும். அதற்கு மேலே இருக்க வேண்டிய தலைகள் கரிக்கட்டையாக இருக்கும். அந்தக் கரிக்கட்டையைத்தான் இன்று ‘புதுசாக்க’க் கொடுக்கிறோம்.

இது ஏன் இப்படி ஆயிற்று என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். ஏனென்றால் கடைக்காரரின் வாதம் முழுக்க ‘படம் கெட்டுப்போச்சு, நாங்க சரி பண்றோம்’ என்பதில் நிற்கிறது. எது கெட்டது, எது கெடவில்லை என்று தெரியாமல் எதைச் சரி பண்ணுவது?

அன்றைக்கு நம் ஊர்ப்பக்கம் அதிகம் புழங்கிய கேமரா ஆக்ஃபா கிளிக் 3. பரோடாவில் நியூ இந்தியா இண்டஸ்ட்ரீஸ் செய்தது. 120 ரோலில் சதுரமாகப் பன்னிரண்டு படம். அதில் வெளிச்சத்தைத் திருத்த இருந்த வசதி என்ன தெரியுமா? வெயில் படம், மேகப் படம். ரெண்டே ரெண்டு. ரோல் டப்பாவோடு வருகிற துண்டுத்தாளிலும் இதே சூரியன், இதே மேகம். மாமரத்து நிழலுக்கு என்ன வைப்பது என்று அதில் இல்லை. எங்கள் ஜனம் உச்சி வெயிலில் நின்று போஸ் கொடுக்குமா? மாமரத்தடிக்குத்தான் போகும். சுற்றிலும் கண்ணைக் கூசும் வெயில். கேமராக்காரர் வெயில் பக்கமே வைத்து அடித்திருப்பார். நிழலில் இருக்கிற முகத்துக்கு வேண்டிய வெளிச்சத்தில் கால்வாசி, சில சமயம் அதற்கும் குறைவுதான் பிலிமுக்குள் போயிருக்கும். ஸ்டுடியோக்காரர்கள் இதை ஒரே வார்த்தையில் சொல்வார்கள்: “அண்டர்.”

அண்டர் ஆன நெகட்டிவ்வை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் கிட்டத்தட்டக் கண்ணாடி மாதிரி இருக்கும். வெளிச்சம் பட்ட இடத்தில்தான் வெள்ளி கறுத்துப் பிலிமில் படிகிறது. வேட்டியிலிருந்து நிறைய வெளிச்சம் வந்ததால் அங்கே கறுப்புப் படலம் கனமாக இருக்கும். முகத்திலிருந்து கொஞ்சமாக வந்தது மெல்லிய சாம்பலாக இருக்கும். கொண்டைக்குக் கீழே, கண்குழிக்குள்ளே போதிய வெளிச்சம் போகவே இல்லை என்றால் அங்கே வெறும் பிலிம்தான். இந்த மூன்றாவது இடம்தான் முக்கியம். மெல்லிய சாம்பல் வேறு, வெறும் பிலிம் வேறு. பிரின்டில் ரெண்டும் ஒரே கறுப்பாகத் தெரியும். நெகட்டிவ்வில் ரெண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். சாம்பலில் முகம் இருக்கிறது. வெறும் பிலிமில் யாருமில்லை.

‘ஓவர்’ ஆனால் இவ்வளவு பயமில்லை. நெகட்டிவ் கட்டியாகக் கறுத்துப்போய் இருக்கும், என்லார்ஜரில் ரொம்ப நேரம் வெளிச்சம் விட வேண்டியிருக்கும், வெள்ளைச் சட்டையின் மடிப்பு மங்கும். ஆனால் விவரம் உள்ளே இருக்கும். ஃபார்மர் ரெட்யூசர் என்று ஒரு கலவை உண்டு. பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடும் ஹைப்போவும் சேர்ந்தது. ஹோவர்ட் ஃபார்மர் 1883-ல் சொன்ன முறை. அதில் போட்டால் அதிகப்படியான வெள்ளி கரைந்து இறங்கும். கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஒரு பேச்சுக்குத் திரும்பினால் படமே போய்விடும். ஸ்லைடு பிலிமில் இந்தக் கணக்கு தலைகீழ். அதில் ஓவர்தான் சாவு. அதைக் கல்லாவியில் யார் வாங்கினார்கள், விடுங்கள்.

அண்டரை எப்படி மீட்டார்கள்? இதைத்தான் இன்றைய கடைக்காரர்கள் முன்னால் உட்காரவைத்துச் சொல்ல வேண்டும். டார்க் ரூமிலேயே நரைத்துப்போன ஒருவரிடம் நான் கேட்டுத் தெரிந்துகொண்டது பாதி, கையால் செய்து பார்த்தது பாதி.

படம் எடுத்தவுடனே தப்பு தெரிந்துவிட்டால் ரோலைக் கழுவும்போது டெவலப்பரில் கூடுதல் நேரம் விடுவார்கள். எல்லோரும் இதை மந்திரம் மாதிரி பேசுகிறார்கள். அதில் வேட்டி இன்னும் கட்டியாகும், முகம் கொஞ்சம் ஏறும், கண்குழி ஏறவே ஏறாது. இல்லாத வெளிச்சத்தை எந்த டெவலப்பராலும் கொண்டுவர முடியாது. கழுவி முடித்த பிறகு தெரிந்தால் அடுத்தது பேப்பர். புரோமைடு பேப்பர் நம்பர் போட்டு வரும். ரெண்டாம் நம்பர் சாதாரணம், நாலு அஞ்சு எல்லாம் ஹார்டு. மெல்லிய நெகட்டிவ்வில் சாம்பலுக்கும் சாம்பலுக்கும் உள்ள நூலளவு வித்தியாசத்தை ஹார்டு பேப்பர் இழுத்துப் பெரிதாக்கும். ஆனால் அதே பேப்பர் வேட்டியை வெறும் வெள்ளைக் காகிதமாக்கிவிடும். அதனால் பிரின்ட் போடும்போது கம்பி நுனியில் பஞ்சு சுற்றி, முகத்தின் மேல் நிழல் விழும்படி ஆட்டிக்கொண்டே இருப்பார்கள். ஆட்டுவதை நிறுத்தினால் பஞ்சின் விளிம்பு படத்தில் விழுந்துவிடும். பிறகு முகத்தை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு, விரல் இடுக்கு வழியாக வேட்டிக்கு மட்டும் கூடுதல் வெளிச்சம். ஒரு பிரின்ட்டுக்கு அஞ்சு பேப்பர் வீணாகும். “பேப்பர் காசு யார் தர்றது தம்பி, சம்பளத்துல பிடிப்பாங்க” என்றார் அவர்.

அதற்கும் மேலே போனால் இன்டென்சிஃபையர். டைக்ரோமேட்டும் அமிலமும் சேர்ந்த கரைசலில் நெகட்டிவ்வை வெளுக்கவைத்து மறுபடி டெவலப் பண்ணினால், இருக்கிற வெள்ளியின் மேல் குரோமியமும் சேர்ந்து படலம் கனமாகும். இருக்கிற வெள்ளியின் மேல் மட்டும். வெறும் பிலிம் வெறும் பிலிமாகவே திரும்பி வரும். அந்த ரசாயனத்தின் நேர்மை எனக்குப் பிடிக்கும். (டைக்ரோமேட் கொடிய விஷம், வீட்டில் செய்து பார்க்காதீர்கள். கலர் நெகட்டிவ்வில் இந்த வேலை ஆகவும் ஆகாது. கழுவும்போதே அதிலுள்ள வெள்ளியை எடுத்துவிடுவார்கள், மிஞ்சுவது சாயம்.)

ரசாயனமே வேண்டாம் என்றால் ஒரு கறுப்புத் துணி போதும். பிரின்ட் போட லாயக்கில்லை என்று ஒதுக்கிய நெகட்டிவ்வைக் கறுப்புத் துணிமேல், மங்கலான பக்கம் மேலே வரும்படி கொஞ்சம் தூக்கிப் பிடித்து, பக்கவாட்டில் விளக்கு வைத்துச் சாய்த்துப் பாருங்கள். சாம்பல் பூச்சு வெள்ளையாகத் திரும்பி, முகம் நேர்ப்படமாக எழும்பும். இதை வைத்து 1850-களில் ஒரு தொழிலே நடந்தது. கண்ணாடித் தட்டில் வேண்டுமென்றே குறைவாக வெளிச்சம் விட்டு, பின்னால் கறுப்பு அடித்து, ஆம்ப்ரோடைப் என்று பேர் வைத்து விற்றார்கள். ஒரு நெகட்டிவ் இப்படிக் குடைத்துணியின் மேல் முகம் காட்டியதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். கடையில் அதை “ஒண்ணுமே இல்லீங்க, எம்ப்டி” என்று சொல்லித் திருப்பிக் கொடுத்திருந்தார்கள்.

இத்தனை வேலையிலும் பொதுவான ஒன்று உண்டு. பிலிமில் பதிந்ததை இழுக்கிறார்கள், தள்ளுகிறார்கள், பெருக்குகிறார்கள். பதியாத இடம் வந்ததும் கையை எடுத்துவிடுகிறார்கள்.

இந்த இடத்தில் எதிர்க்கட்சி வக்கீல் எழுந்து நிற்பார் என்று தெரியும். “ஸ்டுடியோக்காரங்க மட்டும் யோக்கியமா? நெகட்டிவ் மேல பென்சில் போட்டு ஊரையே சிவப்பாக்கினது யாரு?” நியாயமான கேள்வி. நெகட்டிவ்வின் மேல் கூர்மையான பென்சிலால் பொட்டுப் பொட்டாகத் தட்டினால் அந்த இடம் பிரின்டில் வெளுக்கும். மெல்லிய இடங்களில் காக்சின் என்ற சிவப்புச் சாயத்தை பிரஷ்ஷால் பூசினாலும் அதே விளைவு. அம்மைத் தழும்பு, கண்ணுக்குக் கீழே கருவளையம் எல்லாம் இப்படித்தான் மறைந்தன. பெண் பார்க்கக் கொடுத்தனுப்புகிற படம் என்றால் பெண்ணையே ரெண்டு பங்கு வெளுக்கடித்தார்கள். இதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். அது நம் ஊரின் பழைய நோய், கேமரா வருவதற்கு முன்பே வந்தது.

ஆனாலும் ரெண்டும் ஒன்றல்ல. பென்சில் போட்டவர் மூக்கை மாற்றவில்லை, தாடையை மாற்றவில்லை. அவர் எதிரில் அந்தப் பெண்ணோ அவள் அப்பாவோ உட்கார்ந்து “கொஞ்சம் சிவப்பா வரட்டும்ணா” என்று கேட்டார்கள். உயிரோடு இருந்தவர்கள், அவர்கள் முகத்துக்கு அவர்களே கேட்டது. ரீடச்சிங் பென்சிலைத் துடைத்து எடுத்துவிடலாம், அடியிலிருக்கும் படலம் அப்படியே இருக்கும். இன்றைய செயலி கொடுக்கும் முகத்தைத் துடைத்தால் அடியில் எதுவும் கிடைக்காது. பல வீடுகளில் புதுப்படம் ஃபிரேமுக்குள் போனதும் பழைய பிரின்ட் குப்பைக்குப் போகிறது. “அது கெட்டுப்போனதுதானே?”

கெட்டுப்போனது என்ற அந்தச் சொல்லையே நான் மறுக்கிறேன். எங்கள் முகங்கள் கரியாக விழுந்ததற்குக் காரணம் முகம் என்றே நம்மை நம்பவைத்திருக்கிறார்கள். “நீ கறுப்பு, அதான் போட்டோல சரியா விழல” என்று கேட்காத பிள்ளை எங்கள் பள்ளிக்கூடத்தில் உண்டா? ஆரம்பகாலக் கண்ணாடித் தட்டுகளுக்கு நீல வெளிச்சம் மட்டும்தான் தெரியும். பிறகு வந்த ஆர்த்தோ பிலிமுக்குச் சிவப்பு தெரியாது. குங்குமம் அதில் கறுப்புப் பொட்டு. நீலம் மட்டும் தெரிகிற தட்டில் மஞ்சள் பூசிய முகம்கூட இருண்டுதான் விழும். மாநிறம் என்று நாம் சொல்கிற நிறத்தில் சிவப்பும் மஞ்சளும் தான் அதிகம். அதைப் பார்க்கவே தெரியாத பிலிம் அதை இருட்டு என்று எழுதி வைத்தது. பிறகு சிவப்பும் தெரிகிற பான்குரோமேடிக் வந்தது. மீட்டர் வந்தது. மீட்டருக்கு எதிரில் இருப்பது எதுவானாலும் சராசரிச் சாம்பல்தான். வெள்ளை வேட்டிகளின் வரிசையைக் காட்டினால் ‘வெளிச்சம் ஜாஸ்தி, குறை’ என்று சொல்லும். குறைத்ததும் முகம் போகும்.

கலரில் இன்னும் வெளிப்படையாக நடந்தது. கோடாக் கம்பெனி லேபுகளுக்கு அனுப்பிய மாதிரி அட்டையில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம் இருந்தது. அதற்கு ‘ஷெர்லி’ என்று பேர். அவள் தோல் சரியாக வந்தால் பிரின்ட் சரி. கனடாவின் ஆய்வாளர் லோர்னா ராத் 2009-ல் இதைப் பற்றி எழுதியபோது கோடாக்கில் இருந்தவர்களிடம் கேட்டு ஒரு விஷயத்தைப் பதிவு செய்தார்: பழுப்பு நிறங்கள் ஒழுங்காக விழ வேண்டும் என்ற நெருக்கடியைக் கம்பெனிக்குக் கொடுத்தவர்கள் மர மேஜை நாற்காலி விற்றவர்களும் சாக்லேட் விற்றவர்களும். சாக்லேட் கேட்டபிறகுதான் மனுஷனுக்கு வழி பிறந்தது. இதில் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

நம் நாட்டிலேயே பிலிம் செய்தோம். ஊட்டியில் 1960-ல் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1967-ல் உற்பத்திக்கு வந்தது, பிரான்சின் பௌஷே கம்பெனியின் தொழில்நுட்பத்தோடு. ‘இந்து’ பிலிமும் பேப்பரும் இங்கே மூலைமுடுக்கு ஸ்டுடியோவெல்லாம் போயின. அந்த ஆலை நொடித்துப்போய் மூடப்பட்ட கதை தனிக் கட்டுரைக்கு உரியது.

இப்போது செயலிக்கு வருவோம். 2020-ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தார் ‘பல்ஸ்’ என்று ஒரு நிரலை வெளியிட்டார்கள். மங்கலான சின்ன முகப்படத்தைக் கொடுத்தால் தெளிவான பெரிய முகமாக்கித் தரும். யாரோ ஒருவர் ஒபாமாவின் படத்தைக் கட்டம் கட்டமாகச் சிதைத்து அதில் போட்டுப் பார்த்தார். வெளியே வந்தவர் ஒரு வெள்ளைக்காரர். உலகத்திலேயே அதிகம் படமெடுக்கப்பட்ட முகங்களில் ஒன்றுக்கே அந்தக் கதி. பிழை நிரலின் ஓரத்தில் இல்லை, அது வேலை செய்யும் முறையே அதுதான். மங்கிய படத்துக்குள் இருப்பதை அது தேடவில்லை. தான் ஏற்கெனவே பார்த்த முகங்களிலிருந்து, இந்த மங்கலோடு ஒத்துப்போகிற மாதிரி ஒரு முகத்தைச் செய்து தருகிறது. முகம் திருத்தும் நிரல்களில் இன்று பரவலாகப் புழங்கும் ஜிஎஃப்பிகேன், 2021-ல் டென்சென்ட் ஆய்வுக்கூடத்தார் வெளியிட்டது. அது முகம் கற்றுக்கொண்டது எஃப்எஃப்ஹெச்க்யூ என்ற தொகுப்பில்: ஃபிளிக்கர் தளத்திலிருந்து எடுத்த 70,000 படங்கள். ஃபிளிக்கரின் சாய்வுகளெல்லாம் இதிலும் இருக்கும் என்று தொகுத்தவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். நல்ல கேமராவில், நல்ல வெளிச்சத்தில், விடுமுறையில் சிரித்துக்கொண்டிருக்கிறவர்களின் முகங்கள். புளி உலுக்கிய ஆயாவுக்கு அங்கே யார் ஜாடை கிடைக்கும்?

கிடைத்த ஜாடையை நான் பார்த்தேன். கல்லாவியில் தெரிந்த வீட்டுப் பையன், பெங்களூரில் வேலை. திவசத்துக்கு மாட்ட ஆயா படத்தைப் புதுசாக்கிக் கொண்டு வந்திருந்தான். எந்தக் கடை என்பது முக்கியமில்லை, எல்லாக் கடையும் ஒன்றுதான். ஆயாவுக்கு நெற்றியில் பச்சை குத்தியிருக்கும், படத்தில் இல்லை. அழுக்கு என்று செயலி துடைத்துவிட்டது. ரெண்டு பக்க மூக்குத்தியில் ஒன்று காணோம். ஆயாவுக்கு ஒரு கண்ணில் பூ விழுந்திருந்தது. பையனை வளர்த்ததெல்லாம் மிச்சமிருந்த ஒரு கண்ணை வைத்துக்கொண்டுதான். படத்தில் ரெண்டு கண்ணும் பளிச்சென்று விளம்பரப் பெண் மாதிரி பார்த்தன. பல் வேறு வைத்திருந்தது. வீட்டில் யாரும் எதுவும் சொல்லவில்லை. ஆயாவின் தங்கச்சி, எழுபத்தஞ்சு வயசிருக்கும், கிட்டப் போய்ப் பார்த்துவிட்டு, “யாரு சாமி இது? உங்க ஆபீசுல வேலை செய்யறவங்களா?” என்று கேட்டார். அவர் கிண்டலுக்குச் சொல்லவில்லை.

இதைத்தான் எதிர்க்கிறேன். பச்சை குத்தியதும் பூ விழுந்ததும் இரட்டை மூக்குத்தியும் பிழைகளா? முகம் நிழலில் இருந்தது ஒன்றுதான் அந்தப் படத்தின் பிழை. வெளிச்சக் கணக்கில் நேர்ந்த ஒரு தப்பைத் திருத்தப்போய் ஆளையே திருத்தியிருக்கிறார்கள்.

எங்கள் மாவட்டத்தில் ஏரிக்கரையிலும் மாந்தோப்பிலும் நடுகற்கள் நிற்கின்றன. கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்துக்குப் போனால் வரிசையாகப் பார்க்கலாம். ஆயிரம் வருஷ மழையில் வீரனின் முகம் பல கற்களில் மொழுங்கிவிட்டது. யாராவது உளி எடுத்துவந்து, “அண்ணா, மூஞ்சி தெளிவா இல்ல, புதுசாக்கித் தர்றேன்” என்று ஒரு முறுக்கு மீசை செதுக்கினால் ஊர் சும்மா இருக்குமா? கல்வெட்டுக்காரர்கள் என்ன செய்கிறார்கள்? ஈரக் காகிதத்தை ஒட்டி, தூரிகையால் தட்டி, மை ஒற்றி மைப்படி எடுக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத எழுத்துகூட அதில் எழும்பிவிடும், ஹார்டு பேப்பரில் முகம் எழும்புகிற மாதிரியே. சிதைந்துபோன எழுத்துக்கு அச்சில் புள்ளி வைக்கிறார்கள். ஊகித்துப் படித்ததை அடைப்புக்குறிக்குள் போடுகிறார்கள். 1972-ல் தொல்லியல் துறை வெளியிட்ட ‘செங்கம் நடுகற்கள்’ போன்ற தொகுப்புகளை நாம் நம்பி வாசிப்பதற்குக் காரணம் அந்தப் புள்ளிகள். பெயர் தெரியாத கல்வீரனுக்குக் கொடுக்கிற மரியாதையை ஆயாவுக்குக் கொடுக்கக் கூடாதா?

இன்னொரு கூட்டத்தையும் இங்கேயே சேர்த்துத் திட்டிவிடுகிறேன். இவர்கள் எதையுமே மீட்க வேண்டாம் என்கிறவர்கள். பெங்களூரிலும் சென்னையிலும் பிலிம் மறுபடி மோகமாகியிருக்கிறது. சந்தோஷம். ஆனால் அண்டர் ஆனாலும் ஓவர் ஆனாலும் கேமராவில் வெளிச்சம் கசிந்தாலும் ‘ஆஹா, இதுதான் பிலிமின் ஆன்மா’ என்கிறார்கள். 1990-களின் தொடக்கத்தில் வியன்னாவில் சில மாணவர்கள் சோவியத் ரஷ்யாவின் லோமோ கேமராவைக் கையிலெடுத்துக் கிளப்பிய அலை இது. அந்தக் குறைகளே பிறகு விற்பனைச் சரக்காயின. ராபர்ட் காபா 1944 ஜூன் 6-ல் நார்மண்டிக் கரையில் எடுத்த ரோல்கள் லண்டன் லேபில் சூடேறி உருகிவிட்டன, மிஞ்சியது சில சட்டகங்கள்தான் என்ற கதையையும் இந்தக் கூட்டம் ரொம்ப உருக்கமாகச் சொல்லும். விமர்சகர் ஏ.டி. கோல்மன் 2014 முதல் அந்தக் கதையைத் துருவி, அப்படி எதுவும் உருகியிருக்க வழியில்லை, மற்ற ரோல்களில் படமே இல்லாமல் இருந்திருக்கலாம் என்று வாதாடுகிறார். தப்பை அலங்காரமாக்குவது, ஆயிரம் படம் எடுத்து ஒன்பது நூறை வீசக்கூடியவர்களுக்குக் கட்டுப்படியாகும். ஒரே படம் இருக்கிற வீட்டில் போய் அந்த ஆன்மாவைப் பேசிப் பாருங்கள்.

செயலியைத் தொடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கம்ப்யூட்டரில் செய்ய வேண்டிய நல்ல வேலை நிறைய இருக்கிறது. ஸ்கேனரில் 16 பிட் ஆழத்தில் எடுத்த மெல்லிய நெகட்டிவ்விலிருந்து, அஞ்சாம் நம்பர் பேப்பரால் முடியாத அளவுக்குச் சாம்பலைப் பிரிக்கலாம். பஞ்சு ஆட்டிய வேலையை மவுஸில் நிதானமாகச் செய்யலாம். கீறலையும் பூஞ்சைப் புள்ளியையும் ஒவ்வொன்றாக எடுக்கலாம். (தூசியைத் தானாக எடுக்கும் அகச்சிவப்பு வசதியை மட்டும் கறுப்பு வெள்ளை நெகட்டிவ்வுக்கு அணைத்துவிடுங்கள். வெள்ளிப் படலத்தையே அது தூசி என்று நினைத்துக்கொள்ளும்.) முகத்தைத் ‘திருத்து’ என்ற பொத்தானில்தான் எனக்குச் சண்டை. யாராவது அதையும் அழுத்தித்தான் ஆக வேண்டும் என்றால், பின்னால் பேனாவால் ‘இது இயந்திரம் வரைந்த முகம்’ என்று எழுதிக் கொடுக்கட்டும். 2021-ல் டீப் நோஸ்டால்ஜியா என்ற செயலி பகத்சிங்கைக் கண் சிமிட்ட வைத்தபோது நாடே பார்த்துப் பரவசப்பட்டது. பகத்சிங்குக்கு மூலப்படம் ஆவணக்காப்பகத்தில் இருக்கும், எவன் எப்படி ஆட்டினாலும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். புளியமரத்து ஆயாவுக்கு?

ஆயாவின் மூலம், ஸ்டுடியோ பரணில் இருக்கிறது. அல்லது இருந்தது. ஸ்டுடியோக்கள் ஒவ்வொன்றாக மூடும்போது நெகட்டிவ் பெட்டிகள் கிலோக் கணக்கில் எடைக்குப் போகின்றன. வெள்ளிக்காகத்தான், எக்ஸ்ரே பிலிம் வாங்குகிற அதே ஆட்கள் இதையும் வாங்கிக் கழுவி வெள்ளி எடுக்கிறார்கள். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்கள் திட்டத்தின் உதவியோடு, 1880 முதல் 1980 வரையிலான தமிழ் ஸ்டுடியோப் படங்களைத் தேடி மின்வடிவமாக்கும் வேலையைச் செய்தது. நல்ல வேலை. ஆனால் ஊருக்கு ஊர் அவர்களே வந்து பரண் ஏற முடியாது. கல்லூரிகளில் காட்சித் தொடர்பியல் துறை வைத்திருக்கிறீர்கள், மாவட்டத்துக்கு ஒரு அருங்காட்சியகம் வைத்திருக்கிறீர்கள். ஒரு ஸ்கேனரும் ரெண்டு பையன்களும் போதாதா? எடைக்குப் போடுகிற ஸ்டுடியோக்காரருக்கு அந்த எடைக்காசைக் கொடுத்தாலே பெட்டியைத் தந்துவிடுவார்.

அதுவரைக்கும் வீட்டில் செய்யக்கூடியது இதுதான். பழைய ஆல்பத்தின் கடைசி உறையில், கல்யாணப் பத்திரிகைக் கட்டுக்குள், அரிசி டிரம் மேலிருக்கிற டிரங்குப் பெட்டியில் நெகட்டிவ் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். பிரின்டைவிட அதில் எப்போதும் கூடுதலாக இருக்கும். விரல் ரேகை படாமல் ஓரத்தைப் பிடித்து எடுங்கள். ஈரத்துணியால் துடைக்காதீர்கள். “எம்ப்டி” என்று யார் சொன்னாலும் கறுப்புத் துணியில் வைத்துப் பார்க்காமல் நம்பாதீர்கள். 1990-களில் எடுத்த கலர் நெகட்டிவ் இருந்தால் அதை முதலில் ஸ்கேன் செய்யுங்கள், சாயம் வருஷா வருஷம் மங்குகிறது. கறுப்பு வெள்ளை ஒழுங்காகக் கழுவப்பட்டிருந்தால் இன்னும் கொஞ்ச காலம் காத்திருக்கும். பெட்டியைத் திறந்ததும் வினிகர் வாசம் அடித்தால் மட்டும் அதற்கும் நாள் எண்ணப்படுகிறது என்று அர்த்தம், அன்றைக்கே எடுத்துப் போங்கள்.